மண்டபத்து ஓவியத்தில் பொன்வெயில் வேண்டுமா?

வடகரையான்: 1860 நவம்பர் 16இல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்ததன் நினைவாக, நம் மண்டபத்தில் மாட்டவிருக்கும் ஓவியத்தின் மாதிரியைப் பார்த்தேன். மாலை வெயில் பொன்னாய் வழிகிறது. மாசில்லாத சேலையில் பெண்கள் கரும்பு சுமக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. என் ஆயா டொங்காட் பக்கத்துத் தோட்டத்தில் களை பறித்தவர். கரும்புச் சோகை அறுத்த கைகள் கடைசிவரை சொரசொரப்பாகவே இருந்தன. எரித்த கரும்பை வெட்டிவிட்டுத் தாத்தா வீடு திரும்பினால் கண்ணும் பல்லும் தவிர உடம்பெல்லாம் கரி. அந்தக் கரி எங்கே?

தூரிகை: அண்ணா, அழகாக வரைந்தால் பொய்யாகிவிடுமா? பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்திலும் பொன்னொளிதான். ஆனாலும் குனிந்த அந்த மூன்று பெண்களைக் கண்டு பாரிஸ் விமர்சகர்கள் பலர் எரிச்சலடைந்தார்கள். ஏழைகளுக்கு அவர் அவ்வளவு கம்பீரம் கொடுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் பார்த்து வளரப்போகும் சுவர் இது. அதில் பெருமை இருக்கட்டும்.

வடகரையான்: அந்தப் படத்தின் பின்புறத்தைப் பார் தங்கச்சி. குன்றுபோல் கதிர்ப்போர், தொலைவில் குதிரைமேல் கண்காணி. பொன்னொளி விழுவது அந்தச் செல்வத்தின் மேல். பெண்களுக்குச் சிந்திய கதிர்தான். மில்லே கணக்கை மறைக்கவில்லை. இங்கே ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. நம் மாதிரியிலோ வேலை வாங்கும் சர்தாரும் இல்லை, துரையும் இல்லை. கரும்பு தானாக விளைந்ததுபோல் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்வாசி: துரையை நம் சுவரில் ஏற்ற வேண்டாம். போதும் அவர்களைப் பார்த்தது.

தூரிகை: நம் நாட்டு ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ 1946-47இல் 'குந்தாலிப் பாட்டு' வரைந்தார். வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள் ஒரே தாளத்தில் குந்தாலி ஓங்குகிறார்கள். கண்காணியும் இருக்கிறார், மெலிந்த உருவமாக. கண்ணை இழுப்பது ஓங்கிய கைகள்தான். அப்படியானால் சர்தார் வரட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். வெயிலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடகரையான்: வெயில் இருந்துவிட்டுப் போகட்டும், கரியும் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1849இல் வரைந்த 'கல்லுடைப்போர்' படத்தில் இருவர் முகமும் சரியாகத் தெரியாது. ஆனால் கிழவரின் காலுறைக் கிழிசலில் குதிகால் தெரியும். 1945இல் போரில் அந்த ஓவியம் அழிந்தது. அந்தக் குதிகாலை இன்றும் பேசுகிறோம். ஆயாவின் களைக்கொத்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஓவியர் அதைப் பார்த்து வரையட்டும்.

தூரிகை: கொண்டு வாருங்கள் அண்ணா. நானும் வருகிறேன்.