மஞ்ச நோட்டீஸ் கொடுக்க இலவச வக்கீல் கிடைப்பாரா?

குடமுருட்டிக்கரை:
கும்பகோணம் பக்கம் கிராமம். அப்பா விவசாயி. ஃபைனான்ஸ்ல அறுவடை மெஷின் எடுத்தார், டயர் வண்டி. மழையில வயல் காயாம போனதுல எல்லாரும் சேத்துல இறங்குற பெல்ட் வண்டியையே கூப்பிட்டாங்க. தவணை கட்ட புரோநோட்டு எழுதி வெளியில வாங்கினார். ஒருத்தர் கோர்ட்ல டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேத்தச் சொல்லி இ.பி. மனு போட்டு, ஜெயிலுக்கு அனுப்புவேங்கிறார். இன்னொருத்தர்கிட்ட செக் இருக்கு. வீட்டை அம்மா பேருக்கு எழுதிட்டு ஐ.பி., அதாவது மஞ்ச நோட்டீஸ்ங்கிற திவால் மனு, போடச் சொல்றாங்க. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை.

வெட்டாறு:
தம்பி, முதல்ல வீட்டைத் தொடாதீங்க. நம்ம பக்கம் தனிநபர் ஐ.பி. இன்னும் 1920-ம் வருஷ மாகாண நொடிப்புச் சட்டப்படிதான் நடக்குது. எழுதிக் கொடுத்த 2 வருஷத்துக்குள்ள மனு போட்டு இன்சால்வென்ட்னு (திவாலானவர்னு) ஆர்டர் ஆனா, அப்படி எழுதிக் கொடுத்ததை ரத்து பண்ணலாம். அப்பா நாணயமும் கெட்டுப்போகும். உண்மையில அதுக்கு அவசியமே இல்லை: விவசாயி குடியிருக்கிற வீட்டுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுலயே ஜப்தியிலேர்ந்து பாதுகாப்பு இருக்கு. விவசாயம்தான் பிழைப்புன்னு காட்டணும். சிட்டா, அடங்கல் எடுத்து வைங்க.

ஜெயில் பேச்சுக்கும் பயப்படாதீங்க. வசதி இருந்தும் கட்டாம ஏமாத்துறார்னு டிகிரி வாங்கினவர் காட்டணும். வெறும் ஏழ்மைக்காக உள்ளே தள்ளக் கூடாதுன்னு 1980-ல ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆனா ஐ.பி. எல்லாத்துக்கும் மருந்தில்லை. மெஷின் ஃபைனான்ஸ்காரருக்கு ஈடு, அவர் உரிமை அப்படியே இருக்கும். செக் பணமில்லாம திரும்பினா, அதுக்கான 138-வது பிரிவு கிரிமினல் கேஸ் தனியா ஓடும்.

கீழவீதி:
வக்கீலுக்கு கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு, அங்க மனு கொடுங்க. இலவச வக்கீல் யாருக்குன்னு 1987-ம் வருஷ சட்டப்பணிகள் சட்டம் 12-வது பிரிவு சொல்லுது. எஸ்.சி., எஸ்.டி., பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்க மாட்டாங்க. மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு, அதனால வருமானச் சான்றிதழ் வேணும். கடன் அப்பா பேர்ல இருக்கிறதால அம்மா பேர்ல கேட்டு பிரயோஜனமில்லை. ஆதார், ரேஷன் கார்டு, இ.பி. நோட்டீஸ், புரோநோட்டு நகல் எடுத்துட்டுப் போங்க. போன்ல கேக்கணும்னா 15100.

பாபநாசத்தான்:
இலவச வக்கீல்னா வாய்தாவுக்கே வரமாட்டாரு பாஸ்.

கீழவீதி:
அப்படி ஆனா அதே குழுவுல எழுதிக் கொடுத்து வேற வக்கீல் கேக்கலாம். கடன்காரங்க பேச்சுக்கு இறங்கி வருவாங்கன்னா மக்கள் நீதிமன்றத்துலயே முடிக்கப் பாருங்க. ஆனா அங்க கையெழுத்துப் போட்டா அப்பீல் கிடையாது, தவணை கட்ட முடியுமான்னு நல்லா யோசிச்சுக்கோங்க.

குடமுருட்டிக்கரை:
ரொம்ப நன்றிண்ணே. வர்ற திங்கக்கிழமை இ.பி. வாய்தா. அதுக்குள்ள வக்கீல் கிடைக்கலைன்னா?

வெட்டாறு:
அப்பாவே நேர்ல ஆஜராகணும். சட்ட உதவிக்கு மனு போட்டிருக்கோம்னு சொல்லி, மனு நகலைக் காட்டி டைம் கேக்கட்டும். போகாம விட்டாதான் வாரண்ட் வரும். நாளைக்குக் காலையிலயே மனுவைக் கொடுத்துடுங்க.