புதுப்பிப்பு: ஊத்தங்கரை வெள்ளத்தில் மூழ்கிய தையல் கடை

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதில், என் இரண்டு தையல் இயந்திரங்களும் வாடிக்கையாளர்களின் துணிகளும் சேற்றில் மூழ்கியதையும், கடையை மூடிவிட எண்ணியதையும் முன்பு எழுதியிருந்தேன். மூடவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன், தம் பட்டறையிலும் நீர் புகுந்திருந்த நிலையில், இயந்திரங்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெயிட்டு ஓட வைத்தார். கூலியாகத் தேநீர் மட்டுமே ஏற்றார். ஒன்றின் மோட்டார் போய்விட்டதால் அதைக் காலால் மிதித்தே தைக்கிறேன் (முழங்கால்தான் முணுமுணுக்கிறது).

நான் மிகவும் அஞ்சியது, மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த அக்காவை எண்ணித்தான். சாயம் இறங்கிய துணியைக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் போனவர், மறுநாள் வேறொரு துணியோடு வந்து, "இதையாவது தண்ணி படாம வெச்சுக்கப்பா" என்று சொல்லி, முன்பணமாக 300 ரூபாயும் வைத்துவிட்டுச் சென்றார்.