உடம்பு வாகா, எண்ணெய்க் கணக்கா?

தராசுமுள்:
"என் உடம்பு வாகு அப்படி, தண்ணி குடிச்சாலும் சதை போடுது" என்ற பேச்சு இந்தக் குழுவில் வாரம் தவறாமல் வருகிறது. ஒருமுறை நேராகப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை. எடை கூடுவது வரவு செலவுக் கணக்கு என்பது என் கட்சி. செலவாகாத கலோரி ஆவியாகிப் போகாது, கொழுப்பாகத் தங்கும்.

வரவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சோற்றுப் பானையைக் காட்டுகிறார்கள். நான் முதலில் எண்ணெய்த் தூக்கைப் பார்க்கச் சொல்வேன். 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி. மாவிலும் சர்க்கரையிலும் 4தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3,240 கிராம், அதாவது மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்குத் தினம் 11 கிராம் அதிகம். ஏறக்குறைய 100 கலோரி. பாட்டிலைச் சாய்த்துத் தாளிக்கும் கைக்கு இந்த 11 கிராம் தெரியவே தெரியாது. அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். தீர்ந்த நாளைப் பாருங்கள். வாகா, வரவா என்று அதுவே சொல்லும். 100 கலோரி வீதம் வருடத்துக்கு 36,500. உடல் கொழுப்பு ஒரு கிலோ 7,700 கலோரி. 4.7 கிலோ ஏறிவிடும்.

வைகைக்கரை:
பாக்கெட்டில் தேதி எழுதும் யோசனை அருமை. ஆனால் உங்கள் கடைசி வரி தவறு. அந்தக் கணக்குப்படி பத்து வருடத்தில் 47 கிலோ ஏற வேண்டும், அப்படி ஏறுவதில்லை. உடம்பு பெருக்கப் பெருக்க அதைச் சுமக்கவும் நடத்தவும் ஆகிற செலவும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் வரவும் செலவும் மறுபடி சமமாகி முள் நின்றுவிடும். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் இதற்கு ஒரு விதி கொடுத்தது. தினம் 24 கலோரி மாற்றம் நிலையாக நீடித்தால் கடைசியில் 1 கிலோ மாறும். அதில் பாதி முதல் வருடத்தில், 95 சதவீதம் மூன்று வருடத்தில். உங்கள் 100 கலோரிக்கு மொத்தமே சுமார் 4 கிலோ; முதல் வருடத்தில் 2.

இதை வெறும் கணக்குச் சண்டை என்று தள்ள வேண்டாம். எண்ணெயைக் குறைத்தவர் 5 கிலோ இறங்கும் என்று காத்திருப்பார், 2 கிலோதான் இறங்கும். "நாமதான் எங்கியோ ஏமாத்துறோம்" என்று தன்னையே நொந்து, சரியாகச் செய்துகொண்டிருந்ததையும் விட்டுவிடுவார்.

அடுத்து வாகு. கனடாவில் லவால் பல்கலைக்கழகத்தின் கிளோட் புஷார் 1990இல் வெளியிட்ட ஆய்வு: 12 ஜோடி ஒத்த இரட்டை இளைஞர்கள். கண்காணிப்பில் தங்கவைத்து 100 நாளில் 84 நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே 84,000 கலோரிதான். ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. கூடவே, ஓர் இரட்டையருக்கு எவ்வளவு ஏறியதோ அதை ஒட்டியே அவர் சகோதரருக்கும் ஏறியது. ஊரில் வாகு என்று சொல்வது இதைத்தான். அதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

தராசுமுள்:
வருடத்துக்கு 4.7 என்றது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இரட்டையர்களில் ஒருவருக்கும் எடை குறையவில்லையே. குறைந்தபட்சமே 4.3 கிலோ. வாகு எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்கிறது. ஏற்றிவிட்டது அந்த 1,000 கலோரிதான்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பையும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 25ஐத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. ஐந்து வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறாது. மாறியது தட்டு.

சமையற்கட்டு:
தட்டு மாறுச்சுன்னு சொல்றீங்க சார், தட்டுல என்ன மாறுச்சுங்கறதுதான் கேள்வி. அதைக் கலோரி எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

அதே கெவின் ஹால் 2019ல 20 பேரை ஆஸ்பத்திரி வார்டுல தங்கவச்சுப் பார்த்தாரு. ரெண்டு வாரம் ஆலையில பதப்படுத்தின சாப்பாடு, ரெண்டு வாரம் நேரா சமைச்ச சாப்பாடு. மேசையில வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ரெண்டுலயும் ஒரே அளவு. வேணுங்கற மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்தினதுல தினம் 500 கலோரி தானா கூடிருச்சு, 0.9 கிலோ ஏறுச்சு. மற்றதுல 0.9 இறங்குச்சு. யாரும் பேராசைப்படல, யாரும் கட்டுப்பாடாவும் இருக்கல. மெல்ல வேண்டாத சாப்பாடு வேகமா உள்ள போச்சு. வயிறு போதும்னு சொல்றதுக்குள்ள தட்டு காலி.

நம்ம வீட்டுல இதுக்கு நேர் உதாரணம் சாயங்கால டீ. நாள் பூரா நாலு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு டீஸ்பூன் சீனின்னா 40 கிராம், 160 கலோரி. அந்த 2024 வழிகாட்டி சொல்ற 25 கிராம் எல்லையை டீ மட்டுமே தாண்டிரும். கூட நாலு பிஸ்கட். இது ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு வாய்கூடக் குறைக்காது. அதே நேரத்துக்குக் கொண்டைக்கடலை 30 கிராம் ஊறவச்சு சுண்டல் பண்ணினா சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும், நாரும் இருக்கு. மென்னுதான் ஆகணும். வயிறு நிக்கும். சோறு 150 கிராம் 200 கலோரிக்குள்ளதான், அதுமேல பழி போடுறது சுலபம். ஆனா அந்தச் சோத்துக்குப் பக்கத்துல காய் ரெண்டு கரண்டியா, உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமுமான்னு பாருங்க.

அளவுநாடா:
மூன்று பேரும் கிலோவைப் பற்றியே பேசுகிறீர்கள். நோய் கிலோவில் இல்லை, கொழுப்பு உட்காரும் இடத்தில் இருக்கிறது.

2004இல் லான்செட்டில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின், அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. எக்ஸ்ரே ஸ்கேனில் அளந்தபோது யட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது யாஜ்னிக் குழுவின் புனே கிராமத்துக் குழந்தைகள் ஆய்வு. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோதான், தசை குறைவு, ஆனால் ஐரோப்பியக் குழந்தையோடு ஒப்பிட்டால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இப்படிக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே கொழுப்பும் நோயும் கூடுவதால்தான் இந்தியருக்கு பி.எம்.ஐ. 23லிருந்தே அதிக எடை, 25லிருந்து உடற்பருமன் என்று எல்லையை இறக்கினார்கள். தராசுமுள் காட்டிய கணக்கெடுப்பு 25ஐ வைத்து எண்ணியது. 24இல் இருந்துகொண்டு வயிறு தள்ளியவர் அதில் "சரியான எடை" பக்கம்தான் போயிருப்பார்.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு பத்திரமான கிடங்கு. அது நிரம்பி வழிந்தால்தான் ஈரலிலும் கணையத்திலும் ஏறும். தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கிற அரிய நோயாளிகளைப் பாருங்கள்: ஒல்லியான உடம்பு, கடுமையான சர்க்கரை நோய், ஈரலில் கொழுப்பு. கிடங்கு இல்லாததுதான் அவர்களுக்கு வினை. நம்மில் பலருக்குக் கிடங்கு சிறியது.

வீட்டில் பார்க்க ஒரு தையல் நாடா போதும். காலையில் வெறும் வயிற்றில், சட்டை இல்லாமல் நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் நாடா சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக மூச்சை விட்ட நிலையில் படியுங்கள். எக்கவும் கூடாது, நாடாவை இறுக்கவும் கூடாது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு அளவு. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. தொப்பை வளர வளர அது இன்னும் கீழே இறங்குமே தவிர அளவு மாறாது.

இன்னொன்று: எடை குறையாமலும் பலன் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. எல்லோரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள்; அவர்களில் ஒரு பிரிவினருக்கு நடையும் உணவு மாற்றமும் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். எதுவும் சொல்லிக் கொடுக்காத பிரிவோடு ஒப்பிட்டால், மூன்று வருடத்தில் அவர்களுக்குச் சர்க்கரை வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடையில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

தராசுமுள்:
சென்னை ஆய்வு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். எடையையும் குறைத்த அமெரிக்க ஆய்வில், 2002இல், அதே பலன் 58 சதவீதம். பிறகு பிரித்துப் பார்த்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சர்க்கரை வரும் வாய்ப்பு 16 சதவீதம் இறங்கியிருந்தது.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு இன்னும் தெளிவு. பிரிட்டனில் மைக் லீன், ராய் டெய்லர் நடத்திய டைரக்ட் ஆய்வு: சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் தினம் சுமார் 850 கலோரி. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோயின் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் மட்டும் பார்த்தால் 86 சதவீதம். கிலோவுக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியுமா?

வைகைக்கரை:
நீங்களும் பாதியோடு நிறுத்துகிறீர்கள். இரண்டாம் வருட முடிவில் அந்த 46 என்பது 36 ஆகிவிட்டது, எடை திரும்ப ஏறியதால். இறக்கிய எடையை உடம்பு திரும்பக் கேட்கும்: பசி கூடும், செலவு சுருங்கும். எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது, ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது எதிர்பார்த்ததைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவு. இறக்குவதற்கு மட்டும் திட்டம் கொடுத்துவிட்டு, ஏறாமல் காப்பதற்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் பழி நோயாளி மேல்தான் விழும்.

மருந்துப்பெட்டி:
வரவு செலவு பேசும் முன் மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரும் ஓலான்சபின், வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட், சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிப்ரைடு, இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. இன்னொரு சர்க்கரை மாத்திரையான பியோகிளிட்டசோன் உடம்பில் நீரையும் சேர்க்கும். அதற்காக எதையும் தானாக நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் நிறுத்தவே கூடாது. மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ, அதிலும் நீரும் உப்பும்தான் பெரும்பங்கு. 20 கிலோவுக்குத் தைராய்டு மட்டும் காரணமாகாது.

வாரம் ஒரு தரம் போடும் செமக்ளூட்டைடு ஊசி வைகைக்கரை சொன்ன பசியை அடக்குகிறது. 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசி அவ்வளவாகச் செத்துவிடும்போது புரதமும் போதுமான அளவு உள்ளே போகாது, தசையும் சேர்ந்து கரையும். ஊசி போடுபவர் முட்டையையோ பருப்பையோ மீனையோ முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றைத் தொடுவது நல்லது. எடை தூக்கும் பயிற்சியும் கட்டாயம்.

அளவுநாடா:
தராசுமுள் சார், நோய் கிலோவில் இல்லை என்று நான் எழுதியது மிகை, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை கிலோ என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று எழுதியிருக்க வேண்டும். அதே ராய் டெய்லர் நியூகாசிலில், பருமன் இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார், சராசரி பி.எம்.ஐ. 25க்குச் சற்றுக் கீழே. 14 பேருக்குச் சர்க்கரை விலகியது; அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது சுமார் 6.5 சதவீத எடை இறக்கம்தான். 66 கிலோ ஆளுக்கு அது நாலேகால் கிலோ. 15 கிலோ என்று பயமுறுத்தினால் அவர் தொடங்கவே மாட்டார். "நீங்க ஒல்லிதான், ஒண்ணும் வேண்டாம்" என்று அனுப்பினால் அந்த நாலு கிலோவையும் இழப்பார்.

தராசுமுள்:
நாலு கிலோ என்றால் எண்ணெயிலும் டீயிலுமே பெரும்பகுதி கிடைத்துவிடும். 850 கலோரி வரை போகத் தேவையிருக்காது.

மருந்துப்பெட்டி:
எந்த வழியில் போனாலும் ஒன்று. கிளிமிப்ரைடோ கிளிபென்கிளமைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை வெட்டும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தட்டு பாதியாகி மாத்திரை முழுசாக இருந்தால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே விழலாம். கை நடுக்கம், வியர்வை, தலை கிறுகிறுப்பு வந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டைரக்ட் ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தியது மருத்துவர்கள் பக்கத்தில் இருந்ததால்.