இன்ஜின் இல்லாத வண்டிக்கு எதுக்கு ஆர்சி? படகு ட்ரெய்லர் சலான் பஞ்சாயத்து

ஆர்டிஓ_வாசல்:
"படகு ட்ரெய்லர்ல இன்ஜின் கிடையாது, அதனால ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், சலான் போட்டா கிழிச்சுப் போடுங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்ல சுத்துது. எழுதின புண்ணியவான் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐத் திறந்துகூடப் பார்க்கல. பிரிவு 2(28), "மோட்டார் வாகனம்"னா என்னன்னு சொல்ற இடத்துலயே ட்ரெய்லரைப் பேர் சொல்லிச் சேர்த்திருக்கு. பிரிவு 39: பதிவு இல்லாம ஓட்டக் கூடாது. மீறினா பிரிவு 192: முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய். மறுபடி மாட்டினா 5,000 முதல் 10,000, இல்ல ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். கிழிக்கிறவங்க கிழிங்க.

நங்கூரம்77:
அந்த ஃபார்வர்டு எழுதினவன் நான்தான். ஒரே கேள்வி: ட்ரெய்லர்ல இன்ஜின் எங்கே? "மோட்டார்" வாகனச் சட்டம்னு பேர் வெச்சுட்டு மோட்டாரே இல்லாத இரும்பு ஃபிரேமுக்கு ஃபைன் போடுவீங்களா?

ஆர்டிஓ_வாசல்:
வாங்க, உங்களைத்தான் தேடினேன். அதே 2(28)-ல விசை "வெளியிலிருந்து வந்தாலும் உள்ளிருந்து வந்தாலும்"னு இருக்கு. டிராக்டர் இழுக்குதே, அது வெளி விசை. 2(46)-ல ட்ரெய்லர்னா மோட்டார் வாகனம் இழுக்குற, அல்லது இழுக்கறதுக்குன்னு செஞ்ச வண்டி. நாலு பேர் கையால மணல்ல தள்ளுற தள்ளுவண்டி இதுல வராது. அதே தள்ளுவண்டிக்குக் கொக்கி வெல்டு வெச்சு டிராக்டர்ல மாட்டினா வந்துடும்.

கரைவலை:
சார், "சாலையில் பயன்படுத்தத் தகுந்த"ன்னு 2(28)-ல ஒரு சொல் இருக்கே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? பலூன் டயர் போட்ட கடற்கரை ட்ராலி ரோட்டுக்குச் செஞ்சதில்ல. கரையில இருந்து ஷெட் வரைக்கும் இருநூறு மீட்டர் போகுது. அது ரோடா?

ஆர்டிஓ_வாசல்:
ஷெட்டுக்குப் போற வழியில தார் ரோட்டைக் குறுக்கே கடக்குதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க. பிரிவு 39 "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ"ன்னு சொல்லுது. 2(46)-ல ரோடுங்கற பேச்சே இல்ல. இன்சூரன்ஸ் கேட்குற பிரிவு 146 மட்டும்தான் பொது இடத்தோட நிக்குது. இன்சூரன்ஸ் இல்லாம பொது இடத்துல மாட்டினா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 196-படி முதல் தடவை 2,000, அடுத்தது 4,000.

நங்கூரம்77:
பக்கம் பக்கமா எழுதுறீங்க. இன்ஜின் எங்கே? அது போக, சலான்ல இருக்கறது டிராக்டர் நம்பர். டிராக்டருக்கு ஆர்சி இருக்கு. ஆக சலான் செல்லாது.

ஆர்டிஓ_வாசல்:
192 தண்டிக்கறது ஆளை, வண்டியை இல்ல. ஓட்டினவரும் சிக்குவார், ஓட்ட விட்டவரும் சிக்குவார். நம்பரே இல்லாத ட்ரெய்லருக்கு வேற எந்த நம்பரை எழுதச் சொல்றீங்க? போதாததுக்கு 39-ஐ மீறின வண்டியைப் பிடிச்சு வைக்க 207-ல போலீசுக்கு அதிகாரம் இருக்கு. இதுவும் உங்க ஃபார்வர்டுல இல்ல.

பட்டறை_மணி:
ரெண்டு பேரும் சட்டம் பேசுறீங்க, சிக்கல் பட்டறையில இருக்கு. ஆர்டிஓ ஆபீஸ்ல பதிவு விண்ணப்பமான ஃபாரம் 20 மட்டும் குடுத்தா வேலை நடக்காது. விற்பனைச் சான்று ஃபாரம் 21, ரோட்டுல ஓடத் தகுதின்னு தயாரிப்பாளர் குடுக்குற ஃபாரம் 22, சேசிஸ் நம்பர் மேல தாளை வெச்சுத் தேய்ச்சு எடுக்குற பென்சில் பிரிண்ட், எல்லாம் கேட்பாங்க. பழைய கார் ஆக்ஸில் மேல சி-சேனலை வெல்டு அடிச்சுக் குடுத்த ட்ரெய்லருக்கு 21-ம் 22-ம் யார் குடுக்கறது? சேசிஸ் நம்பரை எங்க இருந்து எடுக்கறது? பதிவு பண்ண மனசு இருந்தாலும் முடியாது. வாங்கும்போதே இந்த ரெண்டு ஃபாரமும் இல்லைன்னா அது வெறும் இரும்புதான்.

நங்கூரம்77:
பாத்தீங்களா! மணி அண்ணனே இரும்புன்னு சொல்லிட்டாரு.

பட்டறை_மணி:
நான் சொன்னதே வேற, தம்பி. வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

சுக்கான்:
நம்பர் எழுதுற இடத்துலயும் தப்பு நடக்குது. 61(3)-படி இழுக்குற வண்டியோட நம்பர் ட்ரெய்லர்ல தெரியணும். ரெண்டு ட்ரெய்லர் தொடர்ந்தா கடைசியில. ட்ரெய்லரோட சொந்த நம்பர் தனி. படகு ஏத்தினதும் அதோட அவுட்போர்டு இன்ஜின் பின்னால நீட்டிக்கிட்டு பிளேட்டையும் லைட்டையும் மறைச்சுடும். கழட்டி மாட்டுற லைட் பலகையில பிளேட்டை வெச்சு, படகோட பின்பலகையில கட்டணும். இறக்கும்போது பலகையைக் கழட்டிடலாம், உப்புத்தண்ணியும் படாது.

கரைவலை:
பிளேட் விடுங்க. லைட் மினுக்கறதுக்குக் காரணம் எர்த் ஒயர். கொக்கி வழியா எர்த் எடுத்தா துரு ஏறினதும் போச்சு. தனி ஒயர் இழுத்து ட்ரெய்லர் ஃபிரேம்ல போல்ட் போடணும்.

பட்டறை_மணி:
அதை விட பேரிங் முக்கியம். ஓடி வந்த சூட்டோட சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்பைத் தண்ணியில இறக்கினா உள்ளே காத்து சுருங்கி, சீல் ஓரமா உப்புத்தண்ணியை உறிஞ்சிக்கும். அரை மணி ஆற விட்டு இறக்கணும். வழக்கம் போல கிரீஸை மேல மேல அடைக்கறதுல பிரயோஜனம் இல்ல. கழட்டிக் கழுவி, உருளைகளுக்கு நடுவுல புது கிரீஸ் ஏத்தணும்.

கரைவலை:
"வழக்கம் போல"ன்னா யாரைச் சொல்றீங்க? போன மாச கிரீஸ் பஞ்சாயத்தை இங்கயும் இழுத்துட்டு வராதீங்க.

நங்கூரம்77:
சரி, ஒரு பேச்சுக்கு ஆர்சி வேணும்னே வெச்சுக்குவோம். ட்ரெய்லர் மாட்டினா டிரைவர் லைசென்ஸே செல்லாதுன்னு இன்னொரு சலான் போடுறாங்களே, அதுக்கு என்ன பதில்?

ஆர்டிஓ_வாசல்:
அது தப்பான சலான், எதிர்த்துப் போராடுங்க. முகுந்த் தேவாங்கன் வழக்குல 2017-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி அமர்வும் அதை உறுதி பண்ணிடுச்சு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். லைசென்ஸ்ல ஜெயிக்கறதால ஆர்சி தேவையில்லைன்னு ஆகாது. படகுப் பதிவுச் சான்றைக் காட்டி "நம்பர் இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: அது கடல்ல போற படகுக்கு. கீழே உருளுற சக்கரத்துக்கு இல்ல.

நங்கூரம்77:
ஆக, போலீஸ் தப்பா சலான் போடும்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. ஃபார்வர்டை அழிக்க மாட்டேன். இன்ஜின் எங்கேன்னு கேட்டேன், இன்னும் காட்டல.

ஆர்டிஓ_வாசல்:
"வெளியிலிருந்து வந்தாலும்". நாலாவது தடவையா 2(28)-க்கு வாங்க.

கரைவலை:
மூணாவது தடவைதான் சார். மணி அண்ணே, எந்த கிரீஸ்னு இன்னும் சொல்லல.