1973 ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்: துருவை முதலில் பார்ப்பதா, உயரத்தை முதலில் குறைப்பதா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். டெவன் நிறுவனத்தார் படுக்கை, அடுப்பு, அலமாரிகள் எல்லாம் அமைத்துக் கொடுத்த வண்டி அது. 1600 சிசி எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கதவுகளுக்குக் கீழே நீளும் இருபுறச் சில்களிலும் கை வைத்தால் துரு உதிர்கிறது. பேட்டரி அமரும் தட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது.

வண்டியை முன்னும் பின்னும் சுமார் மூன்று அங்குலம் தாழ்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது விரைவில் முடியும் வேலை என்பதால் அதை முதலில் செய்துவிட்டு, பிறகு நிதானமாக வெல்டிங் வேலைக்கு வரலாமா? முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டமான முன்பக்க பீமுக்குள் இருக்கும் பட்டைகளில் சிலவற்றை உருவிவிட்டாலே வண்டி இறங்கிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியான வழியா? மிக் வெல்டிங் இயந்திரமும் உறுதியான ஜாக்கி ஸ்டாண்டுகளும் என்னிடம் உள்ளன; வேலை முழுவதையும் வீட்டு முற்றத்திலேயே செய்ய விரும்புகிறேன்.

மறுமொழி 1:

நண்பரே, தயவுசெய்து துருவிலிருந்தே தொடங்குங்கள். இந்த வண்டிக்குக் கழற்றி எடுக்கக்கூடிய தனிச் சேஸிஸ் கிடையாது. அடிச்சட்டமும் தரையும் சில்களும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. சில் என்பது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்குகளைக் கொண்டது. வெளித்தகட்டில் ஓட்டை தெரிகிறது என்றால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன்பே அரித்துப் போயிருக்கும். அதன்மேல் புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்கப்பட்ட வண்டிகள் ஏராளம். ஆகவே வெளித்தகட்டை முழுவதுமாக வெட்டி எடுத்து, உள்ளே பார்த்த பிறகே எந்தெந்தத் தகடுகளை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். ஜாக்கி வைக்கும் இடங்களையும், அடிச்சட்டத்திலிருந்து சில்லுக்கு நீளும் குறுக்குத் தாங்கிகளையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

சில்லை வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, உடல் வளையாதபடி பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் மாட்டிப் பார்த்து இடைவெளியைச் சரிபாருங்கள். பக்கவாட்டில் நகரும் பெரிய கதவு சிறிதளவு கோணலைக்கூட மன்னிக்காது.

பேட்டரித் தட்டு எஞ்சின் அறைக்குள் இருக்கிறது. பெட்ரோல் தொட்டியோ அதற்கு மிக அருகில், தடுப்புத் தகட்டின் மறுபக்கம் இருக்கிறது. எஞ்சினை இறக்கி, தொட்டியை வெளியே எடுத்து, வண்டியிலிருந்து வெகு தொலைவில் வைத்த பிறகே அங்கே தீப்பொறி பறக்கலாம். இறக்கிய கையோடு எரிபொருள் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல், 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காமல் வெடித்துக் கசியும், கசிவு விழும் இடமோ சூடான எஞ்சின். பழைய வேன்கள் நடுச்சாலையில் எரிந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி 2:

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். தாழ்த்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பட்டைகளை உருவ வேண்டாம். முன்பக்க பீமின் இரண்டு குழாய்களுக்குள்ளும் அடுக்கப்பட்டிருக்கும் அந்த எஃகுப் பட்டைகள்தாம் வண்டியின் ஸ்பிரிங். அவற்றைக் குறைத்தால் வண்டி இறங்கும்தான். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மூக்கு குத்தும். பீமின் நடுவே அட்ஜஸ்டர் பற்றவைத்துப் பட்டைகளைத் திருப்பி விடுவது இன்னொரு வழி. அதில் ஸ்பிரிங்கின் வலு குறையாது. ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகள் எப்போதும் மேல்நோக்கியே நிற்பதால், சக்கரம் மேலெழும்ப இடம் குறைந்து, கைகளின் நுனியில் இருக்கும் பந்து மூட்டுகளான பால் ஜாயின்ட்டுகள் தம் எல்லைக்கோணத்திலேயே உழலும். சக்கரம் மாட்டப்படும் பாகமான ஸ்பிண்டிலை மாற்றி, தாழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்பிண்டில்களைப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். சக்கர அச்சு மேலே ஏற்றி அமைக்கப்பட்டிருப்பதால் சஸ்பென்ஷன் கைகள் தொழிற்சாலை வைத்த கோணத்திலேயே இருக்க, வண்டி மட்டும் சுமார் இரண்டரை முதல் மூன்று அங்குலம் இறங்கும். உங்களுக்கு வேண்டிய அளவும் அதுவே. உங்களுடையது முன்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி; அதற்குரிய ஸ்பிண்டிலையே கேட்டு வாங்குங்கள்.

பின்பக்கம் இருப்பவை, முறுக்கப்படுவதன் மூலம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டுகளான டார்ஷன் பார்கள். அவற்றின் உள்முனையிலும் வெளிமுனையிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் பற்கள் உண்டு. உள்ளே ஒரு பல், வெளியே ஒரு பல் என இரண்டையும் எதிரெதிராகத் திருப்பினால் ஒரு பாகைக்கும் குறைவான நுட்பமான மாற்றம் கிடைக்கும். கழற்றுவதற்கு முன், டார்ஷன் பாரின் வெளிமுனையில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் தகட்டின் கோணத்தை அளந்து எழுதி, கோடும் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பிலிருந்து விடுபடும்போது அந்தத் தகடு எலும்பை முறிக்கும் வேகத்தில் கீழே அறையும். கீழே ஜாக்கி கொடுத்து, சங்கிலியால் கட்டி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

உயரத்தை இறுதியாக நிர்ணயிப்பதை மட்டும் அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியில் அழகாகத் தெரியும் அளவு, குடும்பமும் சாமான்களும் ஏறியதும் சக்கர வளைவில் டயர் உரசும் அளவாகிவிடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பட்டைகளைத் தொடமாட்டேன். டயர்களையும் சிறியதாக மாற்றலாமா? பழைய வண்டி என்பதால் எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து கிடைக்கும் விலக்கு, வண்டியைத் தாழ்த்துவதால் பறிபோகுமா?

மறுமொழி 3:

டயரின் தோற்றத்தைவிடச் சுமை எண்ணைப் பாருங்கள். இவ்வண்டிகளுக்கு வழக்கமாகப் போடப்படும் 185ஆர்14சி டயரின் சுமை எண் 102. அதாவது ஒரு டயர் 850 கிலோ வரை தாங்கும். கார்களுக்கான தாழ்ந்த டயர்கள் பல அந்த அளவுக்கு வருவதில்லை. முழுச் சுமையுடன் இரண்டு டன்னைத் தாண்டும் வண்டிக்கு வணிக வாகன வகை டயரே பாதுகாப்பு. வேகமானியின் கேபிள் முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால், அங்கே சிறிய டயர் போட்டால் அது உண்மையைவிடக் கூடுதல் வேகத்தைக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால், எம்ஓடி தேவையில்லை. சஸ்பென்ஷனின் வகையையோ அது இயங்கும் முறையையோ மாற்றுவது பெரிய மாற்றம் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. டார்ஷன் முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிண்டில் மாற்றுவது அதற்குள் வராது என்பதே என் புரிதல். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளுக்கு மாறுவது வேறு விஷயம். விலக்கு இருந்தாலும், இத்தனை வெல்டிங் செய்த வண்டியை நீங்களே விரும்பி ஒருமுறை எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்திடம் தாழ்த்தியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்பக்கம் இறங்கியதும் சக்கரங்களின் மேல்முனை உள்பக்கம் சாயும் என்பதால், நான்கு சக்கர அலைன்மென்ட் பார்க்காமல் வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று நெடும்பயணம் கிளம்பாதீர்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் விரைவில் தேய்ந்துவிடும்.