மலையின் வயதை எதிலிருந்து கணக்கிடுவது? செஞ்சி, இமயம், கேப்பர் மலை

கெடிலக்கரையான் (கடலூர்):
செஞ்சிக் கோட்டை நிற்கும் கிரானைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது என்றும், இமயமலை எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்றும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் சொன்னேன். எவரெஸ்ட் உச்சியில் இருப்பது 44 கோடி ஆண்டுகளுக்கும் முன், ஆர்டோவிசியன் காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். 5 கோடி வயதுள்ள மலையின் தலையில் 44 கோடி வயதுள்ள கல் எப்படி வந்தது என்று கேட்கிறாள். எங்கள் ஊர்க் கேப்பர் மலை இந்தக் கால வரிசையில் எங்கே வருகிறது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பாறைநோக்கி (புதுச்சேரி):
உங்கள் மகளின் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. இடித்த வீட்டின் பழைய செங்கல்லால் நேற்று எழுப்பிய சுவருக்கு வயது ஒரு நாள்தான். இந்தியப் புவித்தட்டு கோண்டுவானா என்னும் பண்டைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து ஆசியாவின் மீது மோதியபோது, இடையிலிருந்த டெதிஸ் கடலின் அடியில் நெடுங்காலமாகப் படிந்து கிடந்த அடுக்குகள் நசுங்கி, மடிந்து, மேலே தள்ளப்பட்டன.

செஞ்சியின் கதை இதற்கு நேர்மாறானது. கோட்டைக் குன்றுகளில் ஒன்றான இராஜகிரிக்கு ஏறும் வழியில் பாறையை அருகிலிருந்து பாருங்கள். வெளிர் நிற ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய மணிகளாக இருக்கும். பாறைக்குழம்பு பூமிக்குள் ஆழத்தில் மெல்ல ஆறினால்தான் மணிகள் அப்படி வளரும். ஆகவே 250 கோடி என்பது அது ஆழத்தில் இறுகிய காலம். அதன் மேலிருந்ததெல்லாம் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போன பிறகு, அரிப்புக்கு அடங்காமல் எஞ்சியதே இன்றைய குன்று. வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி விளிம்புகளை மழுக்கியதால்தான் அங்கே உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அந்த உருவம் பாறையைவிட மிக இளையது.

வயதைச் சொல்வது சிர்கான் என்னும் நுண்படிகம். அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தை அநேகமாக ஏற்பதில்லை. யுரேனியம் 238 மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும்; அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே படிகத்தில் சேர்ந்திருக்கும் ஈயத்தின் விகிதமே கடிகாரம். பூமி வரலாற்றின் பெரும் காலப் பிரிவுகளில் ஆர்க்கேயன் முடிந்து புரோட்டெரோசோயிக் தொடங்கும் எல்லையும் அதே 250 கோடிதான். தொல்லுயிர் எச்சங்களால் பிரிக்க இயலாத காலம் என்பதால், அந்த எல்லையை எண்ணாலேயே வகுத்துவிட்டார்கள்.

முந்திரிக்காடு (பண்ருட்டி):
கேப்பர் மலை பெயரளவில்தான் மலை. அது எந்த மோதலிலும் எழுந்ததன்று. ஆறுகள் கொண்டுவந்து குவித்த கடலூர் மணற்கல். பொதுவாக மயோசீன் காலத்தது என்பார்கள், அதாவது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. இமயம் வேகமாக உயர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே. திருவக்கரையின் கல்மரங்கள், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரங்கள், இதே மணற்கல்லில்தான் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாத அடிமரங்களாகவே அவை இருப்பதால், வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தவை என்று கருதுகிறார்கள்.

பாறைநோக்கி ஐயா சொன்ன சிர்கான் முறையை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. மணற்கல்லில் சிர்கான் கிடைத்தாலும் அது காட்டுவது தான் பிறந்த பழைய பாறையின் வயதை. மணல் படிந்த காலத்தை அன்று.

கெடிலக்கரையான்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் நம் பகுதியிலும் ஒரு காலத்தில் இமயம் போன்ற மலை நின்றதா?

பாறைநோக்கி:
பூமியின் மேலோடு இங்கே தடித்திருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். பல்லாவரம் முதலிய இடங்களில் காணப்படும் சார்னோகைட் என்னும் கிரானைட் போன்ற பாறையின் கனிமங்கள், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்து அழுத்தத்தில் உருவானவை. இன்று அவை தரைமட்டத்தில் இருக்கின்றன. ஆனால் தடித்த மேலோடு எல்லாம் உயர்ந்த சிகரமாகிவிடாது. சூடேறி இளகிய மேலோடு தன் எடையைத் தாங்காமல் பக்கவாட்டில் பரவிவிடும், ஆர்க்கேயன் காலப் பூமியோ இன்றையதைவிடச் சூடானது. ஆகவே அன்றைய மலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் எவரேனும் சொன்னால் நான் நம்பமாட்டேன்.