காலையில் 92, மதியம் 86: டைனோவில் முறுக்குவிசை இறங்குகிறது, உதவி தேவை

கப்பலூர்ப் பட்டறை: வணக்கம். நாங்கள் புதிதாக உருவாக்கிய மாதிரி எஞ்சினைக் கப்பலூரில் டைனோவில் (எஞ்சினின் முறுக்குவிசையை அளக்கும் கருவி) ஏற்றி ஓட்டிவருகிறோம். 4000 ஆர்பிஎம்மில், முழுத் திராட்டிலில், காலையில் 92 நியூட்டன் மீட்டர் காட்டுகிறது. மதியம் 86க்கு இறங்கிவிடுகிறது. மூன்று நாள்களாக இப்படித்தான். நாளை மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

பசுமலை: பெட்ரோலா டீசலா, டர்போ உண்டா, எந்த வகை டைனோ, குளிர்நீர் எத்தனை டிகிரியில் இருக்கும்போது அளவெடுத்தீர்கள் என்று எதையும் எழுதவில்லையே, தம்பி?

மேலூர் மெக்கானிக்: எரிபொருள்தான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோலை வெயிலில் வைத்திருந்தால் குழாயில் ஆவி கட்டிக்கொள்ளும்.

கப்பலூர்ப் பட்டறை: மன்னிக்கவும். மூன்று சிலிண்டர், 1 லிட்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். எடி கரண்ட் (சுழல் மின்னோட்டத்தால் பளு கொடுக்கும்) டைனோ. இரு வேளையும் குளிர்நீர் 88 டிகிரி. எரிபொருள் அழுத்தம் மாறவில்லை. அறையின் வெப்பம் காலையில் 29, மதியம் 40.

வைகைக்கரை: டைனோவைத் தொடும் முன் அடிப்படையைப் படித்திருக்க வேண்டும். லோடு செல் என்ற விசை உணரி காட்டும் விசையை, அதை இணைக்கும் கையின் நீளத்தால் பெருக்கித்தான் அது முறுக்குவிசையைச் சொல்கிறது. அரை மீட்டர்க் கையில் 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் 98.1 காட்ட வேண்டும். காலையிலும் மதியத்திலும் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு எஞ்சினைக் குறை சொல்லுங்கள்.

பசுமலை: எடைக்கல் சோதனை அவசியம்தான். ஆனால் வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப அளவைத் திருத்தும் ஐ.எஸ்.ஓ 1585 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி, பெட்ரோல் எஞ்சினுக்குக் கெல்வின் வெப்பநிலையின் விகிதத்தை 0.6 அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிட்டால், 29க்கும் 40க்கும் இடையே ஏறத்தாழ 2.1 விழுக்காடுதான் குறைய வேண்டும், உங்களுக்கோ 6.5 விழுக்காடு குறைகிறது. வெப்பமானி எங்கே இருக்கிறது? காற்று வடிகட்டியின் வாயிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்று மிகச் சூடாக இருந்தால், நாக் (கலவை தானே வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க இசியு என்ற எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். அதனாலும் விசை குறையும்.

மேலூர் மெக்கானிக்: திருத்தக் கணக்கே எனக்கு உடன்பாடில்லை. கத்திரி வெயிலில் மேலூர்ச் சாலையில் கார் ஓட்டுகிறவருக்கு 40 டிகிரியில் கிடைப்பதுதானே உண்மை அளவு?

வைகைக்கரை: 25 டிகிரிக்கும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்துக்கும் கொண்டுவராவிட்டால், புனேயில் ஓட்டிய எஞ்சினையும் மதுரையில் ஓட்டியதையும் எப்படி ஒப்பிடுவது? அந்தத் திருத்தத்துக்கான பெருக்கெண்ணும் 0.93க்கும் 1.07க்கும் இடையே இருந்தால்தான் செல்லும். பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று 35 டிகிரியைத் தாண்டவே கூடாது என்பதால், உங்கள் மதிய ஓட்டத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது.

மேலூர் மெக்கானிக்: ஐயா, அப்படியானால் அளந்ததையும் திருத்தியதையும் அறிக்கையில் அருகருகே எழுதட்டும். திருத்தியதை மட்டும் காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பசுமலை: அதில் எனக்கும் உடன்பாடு. தம்பி, வெப்பமானி எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

கப்பலூர்ப் பட்டறை: எடைக்கல் இரு வேளையும் சரியாகக் காட்டியது. வெப்பமானி கதவருகே சுவரில் இருந்தது. வடிகட்டி வாயில் வைத்துப் பார்த்தபோது 54 டிகிரி. புகைக்குழாய் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. இடையே தகரத் தடுப்பு வைத்து, வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவந்தோம். இன்று மதியம் 3 மணிக்கு முறுக்குவிசை 90. காலை 6 மணி ஓட்டத்தையே அறிக்கையில் சேர்க்கிறோம். நன்றி.